டியூபா: ஒரு செயலி குறித்த முதற்குறிப்புகள்

சமூக வலைத்தளம் என்றாலே கைப்பேசியும் கட்டைவிரலும் என்று ஆகிவிட்ட காலம் இது. அதனை மேசைக்கணினியில் தனியொரு செயலியாக நிறுவி, நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து படிப்பது சற்றுப் பழமையான காரியமாகத் தோன்றக்கூடும். கடந்த சில வாரங்களாக நாம் அதைத்தான் செய்துவருகிறோம். செயலியின் பெயர் டியூபா. மாஸ்டடான் முதலான மையமற்ற சமூக வலைகளுக்குள் நுழைவதற்கென்று எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் அது. லினக்ஸ் கணினிகளில் நன்கு இயங்குகிறது. நம்மிடம் இருப்பது உபுண்டு நிறுவிய ஒரு பழைய கணினி. அதிலும் தடுமாறாமல் ஓடுகிறது.

நுட்பத்தில் நமக்குத் தேர்ச்சி கிடையாது. திஸ்கியில் தட்டச்சியதை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டிருந்த நாள்களில் எ-கலப்பையைப் பிடித்து எழுதப் பழகிய தலைமுறை நம்முடையது. அந்த அளவுக்குத்தான் நம் கணினியறிவு. ஆகவே இதை ஒரு வாசகனின் குறிப்பாக மட்டும் கொள்ள வேண்டுகிறோம்.

'மையமற்ற' என்னும் சொல்லைச் சற்று விளக்கிவிடுவது நல்லது. அஞ்சல் துறையை நினைத்துக்கொண்டால் போதும். திருநெல்வேலியில் இருப்பவர் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குக் கடிதம் எழுத, இருவரும் ஒரே அஞ்சலகத்தில் கணக்கு வைத்திருக்க வேண்டியதில்லை. முகவரி எழுதும் முறையும், ஓர் அஞ்சலகம் இன்னோர் அஞ்சலகத்திடம் பையை ஒப்படைக்கும் முறையும் பொதுவாக இருந்தால் போதும். மின்னஞ்சலும் அவ்வாறே இயங்குகிறது. சமூக வலைத்தளங்கள் மட்டும் வேறு வழியில் வளர்ந்தன. அங்கே ஒரே அஞ்சலகம், அதற்கு ஒரே முதலாளி. வேறு கட்டடத்தில் இருப்பவருக்கு இங்கிருந்து ஒரு வரி எழுத முடியாது.

இதை மாற்றும் முயற்சிகள் புதியவை அல்ல. எவான் புரோட்ரோமு 2008இல் ஐடென்டிகா என்னும் தளத்தைத் தொடங்கினார். செருமனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ 2016இல் மாஸ்டடானை வெளியிட்டார். வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையை, வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் தன் பரிந்துரையாக ஏற்றது. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரவுப்பெட்டி, ஒரு வெளியனுப்பும் பெட்டி என்பதே அந்நெறிமுறையின் அடிப்படை. நம் வெளியனுப்பும் பெட்டியில் இட்டதை, நம்மைப் பின்தொடர்வோரின் வரவுப்பெட்டிகளுக்கு நம் வழங்கி கொண்டுசேர்க்கிறது. அவர்கள் எந்த வழங்கியில் இருந்தாலும் சேர்க்கிறது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாஸ்டடான் என்பது சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன, யானைக்கு உறவான ஒரு விலங்கு. அதனால் அவ்வலையில் இடும் சிறு பதிவினை ஆங்கிலத்தில் 'டூட்' என்றார்கள். கொம்பூதும் ஓசையைக் குறிக்கும் சொல் அது. ட்விட்டரின் பதிவுகளைத் தமிழர்கள் 'கீச்சு' என்று அழகாக அழைத்ததை வாசகர் அறிவர். அந்த வழியில் இதனைப் 'பிளிறல்' என்று அழைக்கலாம். 2022 நவம்பரில் வந்த நான்காம் பதிப்பில் 'டூட்' என்ற பொத்தானை நீக்கி 'வெளியிடு' என்னும் பொருளில் மாற்றிவிட்டார்கள் என்பதில் நமக்குச் சற்று வருத்தமே. டியூபா செயலியோ பழைய விளையாட்டைத் தொடர்கிறது. டூட்டில் என்றொரு செயலி முன்னர் இருந்தது. அது நின்றுபோனபின், அதன் நிரலை எடுத்துச் செப்பனிட்டு 2023இல் டியூபா என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். டியூபா என்பது மேலைநாட்டு இசைக்குழுக்களில் வாசிக்கப்படும் பெரிய பித்தளை ஊதுகருவி. நம் ஊர்த் திருவிழாக்களில் ஊதும் கொம்புக்குத் தூரத்து உறவு என்று கொள்ளலாம். ஒருவர் கைவிட்ட நிரலை இன்னொருவர் எடுத்து வளர்க்க முடிந்தது அந்நிரல் கட்டற்றது என்பதனால்தான்.

செயலியை நிறுவச் சில நிமிடங்கள் போதும். திறந்தவுடன் அது முதலில் கேட்பது உங்கள் வழங்கியின் முகவரியை. பெயரும் கடவுச்சொல்லும் பின்னர்தான். புதியவர்கள் மலைத்து நிற்பது இந்த இடத்தில். எந்த ஊரில் குடியேறப்போகிறீர்கள் என்று கேட்பது போன்ற கேள்வி அது. ஆயிரக்கணக்கில் வழங்கிகள் உள்ளன. சில பொதுவானவை, சில ஒரு துறைக்கோ ஒரு மொழிக்கோ உரியவை. ஒவ்வொன்றுக்கும் தனி விதிகள். நாம் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு ஏழெட்டு வழங்கிகளின் விதிகளைப் படித்தோம். வெறுப்புப் பேச்சுக்கு இடமில்லை என்பது எல்லாவற்றிலும் இருந்தது. யார் நடத்துகிறார், செலவுக்கு என்ன வழி, மூட நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பன சிலவற்றில்தான் இருந்தன. அவ்வாறு சொல்லியிருந்த ஒன்றைத் தேர்ந்தோம்.

குடியேறியபின் கிடைக்கும் முகவரியில் பெயரோடு வழங்கியின் பெயரும் ஒட்டிக்கொள்கிறது. இது பலருக்கு நீளமாகவும் இடைஞ்சலாகவும் படுகிறதாம். தமிழ் படித்தவருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்றெல்லாம் ஊரோடு சேர்த்தே புலவர்களை அறிந்து வந்தவர்கள் நாம். ஒரே பெயரில் பலர் இருக்கும்போது ஊர்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும். ஒரே வழங்கியில் ஒரே பெயர் இருவருக்குக் கிடைக்காது, வேறு வழங்கியில் அதே பெயரில் இன்னொருவர் இருக்கலாம். 'அதிகாரபூர்வமான' நபர் எவர் என்று மையத்தில் ஒருவர் அமர்ந்து முத்திரை குத்தும் வேலை இங்கே இல்லை.

செயலியின் முகப்பு எளிமையானது. இடப்புறம் ஒரு நிரல்: முகப்பு, அறிவிப்புகள், உரையாடல்கள், உள்ளூர், கூட்டமைப்பு, விரும்பியவை, குறித்து வைத்தவை, பட்டியல்கள். வலப்புறம் பதிவுகள். விளம்பரம் இல்லை. 'உங்களுக்காக' என்னும் பகுதி இல்லை. யாரையும் பின்தொடராத முதல் நாளில் முகப்பு வெறுமையாகவே இருந்தது. வணிகத் தளங்கள் புதியவரை இவ்வாறு வெறும் வீட்டில் நிறுத்துவதில்லை. எதையேனும் கொண்டுவந்து கொட்டும். இங்கே நாமாகப் போய்ப் பேசவேண்டியிருக்கிறது.

'உள்ளூர்' என்பது நம் வழங்கியில் உள்ளோர் எழுதும் பொதுப்பதிவுகளின் வரிசை. 'கூட்டமைப்பு' என்பது நம் வழங்கி அறிந்த மற்ற வழங்கிகளின் பதிவுகளும் கலந்த வரிசை. 'அறிந்த' என்ற சொல் இங்கு முக்கியமானது. நம் வழங்கியில் எவரேனும் ஒருவர் பின்தொடர்ந்தால்தான் வெளியூர்க்காரர் ஒருவரின் பதிவுகள் நம் வழங்கிக்கு ஒழுங்காக வந்துசேரும். எனவே கூட்டமைப்பு என்பது உலகம் அன்று. நம் ஊர்க்காரர்களின் உறவும் நட்பும் எட்டிய தூரம் வரையிலான உலகம். நமது வழங்கியில் அந்த வரிசையைத் திறந்தால் சப்பானியமும் செருமானியமும் ஆங்கிலமும் ஓடுகின்றன. தமிழ் அரிதாகவே தலைகாட்டுகிறது.

இதன் இன்னொரு விளைவையும் சொல்லவேண்டும். புதிதாக ஒருவரைக் கண்டுபிடித்து அவர் பக்கத்தைத் திறந்தால், அவருடைய பழைய பதிவுகள் பலவும் செயலியில் தென்படுவதில்லை. அவர் எழுதிய இழையின் கீழ் இருபது மறுமொழிகள் உண்டென்று அவருடைய வழங்கியின் வலைப்பக்கம் காட்டும்; நம் செயலியில் ஐந்து மட்டும் இருக்கும். மீதிப் பதினைந்தும் நம் வழங்கிக்கு வந்துசேரவில்லை என்பதே காரணம். மாஸ்டடானின் அண்மைப் பதிப்புகள் இக்குறையைக் களைய முயல்கின்றன. ஆயினும் ஓர் உரையாடலின் பாதியை மட்டும் படித்துவிட்டு அதற்கு மறுமொழி எழுதும் அபாயம் இன்னும் இருக்கிறது. விவாதத்தில் ஆர்வமுள்ளோர் மூலப்பக்கத்தை உலாவியில் திறந்து பார்த்துவிட்டு எழுதுவதே முறை.

முகப்பில் பதிவுகள் காலவரிசையில் வருகின்றன. எது சூடானது, எது பலர் கண்டது என்று எந்தக் கணக்கும் அவற்றின் வரிசையை மாற்றுவதில்லை. நாற்பது பேரைப் பின்தொடர்ந்தால் நாற்பது பேர் எழுதியது மட்டும் வரும். காலையில் படித்து நிறுத்திய இடத்திற்கு மாலையில் வந்தால், நடுவில் எழுதப்பட்டவற்றைப் படித்து முடித்துவிட முடிகிறது. கடைசியாக எப்போது ஒரு சமூக வலைத்தளத்தை நாம் 'படித்து முடித்தோம்' என்று எண்ணிப் பார்த்தால் நினைவுக்கு வரவில்லை. முடிவு இருப்பதாலேயே எழுந்துபோய் வேறு வேலை பார்க்க இயல்கிறது.

இனி எழுத்தெண்ணிக்கை. மாஸ்டடானில் ஒரு பதிவுக்கு வழக்கமான வரம்பு 500 எழுத்துகள். வழங்கியை நடத்துவோர் விரும்பினால் கூட்டலாம். இந்த 500ஐ எப்படி எண்ணுகிறார்கள் என்பதில்தான் தமிழனுக்கு ஒரு நற்செய்தி இருக்கிறது. ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்து ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. 'க்' என்பதும் அவ்வாறே, ககரமும் புள்ளியும். ட்விட்டர் இக்குறியீடுகளைத் தனித்தனியே எண்ணியது. ஆகவே 'கொக்கு' என்று எழுதினால் அதன் கணக்கில் ஆறு. மாஸ்டடானோ கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஓர் எழுத்தாகவே எண்ணுகிறது. கொ, க், கு, ஆக மூன்று. தொடக்கப்பள்ளிக் குழந்தையிடம் கேட்டாலும் மூன்று என்றுதான் சொல்லும்.

எழுத்தெண்ணிப் பாடுவது நமக்குப் புதிதன்று. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கிப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. அங்கே புள்ளியெழுத்துகள் கணக்கில் சேரா. மாஸ்டடான் ஒற்றையும் எண்ணுகிறது, சொல்லிடைவெளியையும் எண்ணுகிறது. அப்படியும் ஒரு பதிவுக்குள் நான்கு கலித்துறைப் பாடல்கள் அடங்கிவிடும். 500 எழுத்தில் ஒரு சொல்லின் பொருளை, அது வழங்கும் வட்டாரத்தை, ஓர் எடுத்துக்காட்டை எழுதி முடிக்க முடிகிறது. அதற்கு மேல் சொல்ல விரும்புவோருக்குக் கட்டுரை எழுத வேறிடம் இருக்கிறது.

செயலியின் எழுதுபெட்டியில் மூன்று ஏற்பாடுகள் நம் கவனத்தைக் கவர்ந்தன. பதிவு எந்த மொழியில் உள்ளதென்று குறிக்கச் சொல்கிறது. தமிழென்று குறித்துவிட்டால், மொழியைக் கொண்டு பொதுவரிசைகளை வடிகட்டிப் படிப்போர் கண்ணில் அது சரியாகப் படும். தமிழில் எழுதிவிட்டு ஆங்கிலம் என்ற குறியோடு வெளியிடும் பதிவுகள் தேடுவோருக்குக் கிட்டாமல் போகின்றன. எனவே இது சிறிய வேலையே ஆயினும் பயனுள்ளது.

இரண்டாவது, படங்களுக்கு விளக்கம் எழுதும் வசதி. இவ்வசதி மற்றத் தளங்களிலும் உண்டு. இங்கே அது வழக்கமாகவே வேரூன்றியிருக்கிறது. விளக்கமில்லாத படத்தைப் பலர் பகிர்வதே இல்லை. ஓலைச்சுவடி ஒன்றின் படத்தை இட முற்பட்டபோது, அதற்கு என்ன விளக்கம் எழுதுவது என்று கால்மணி நேரம் யோசித்தோம். 'ஓலைச்சுவடி' என்று மட்டும் எழுதினால் அது தலைப்பு, விளக்கம் ஆகாது. ஓலையின் நிறம், துளையின் இடம், வரிகளின் எண்ணிக்கை, ஓரத்தில் பூச்சியரித்த பகுதி, வாசிக்க முடிந்த சொற்கள் ஆகியவற்றை எழுதினோம். பார்வைக் குறைபாடுடைய மாணவர்கள் தமிழ்த்துறை வகுப்புகள்தோறும் இருக்கிறார்கள். திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டே அவர்கள் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "ஐயா, அந்தத் துளைக்குப் பக்கத்துல எழுத்து விட்டிருக்காங்களா, இல்ல எழுதாம ஒதுக்கியிருக்காங்களா?" என்று கேட்டார். படத்தைக் கண்ணால் பார்த்த எவரும் அதுவரை கேட்காத கேள்வி அது. துளையைச் சுற்றி இடம் ஒதுக்கியே எழுதியிருந்தார்கள். விளக்கத்தில் அதையும் சேர்த்துத் திருத்தினோம்.

மூன்றாவது, அந்தத் திருத்தும் வசதியே. மாஸ்டடானில் பதிவைத் திருத்தும் வசதி 2022இல் வந்தது. திருத்தினால் முந்தைய வடிவங்கள் மறைந்துபோவதில்லை. டியூபாவில் பதிவின் திருத்த வரலாற்றைத் திறந்தால் ஒவ்வொரு வடிவமும் நேரத்தோடு நிற்கிறது. பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மனநிறைவளிக்கும் ஏற்பாடு. சொன்னதை ஓசையின்றி மாற்றிவிட்டு, "அப்படிச் சொல்லவே இல்லை" என்று வாதிடும் வழக்கத்துக்கும் இதனால் இடமில்லாமல் போகிறது.

இதுவரை சொன்னவை செயலியின் நிறைகள். இதை நாடிவந்த காரணம் வேறு. அதையும் சொல்லவேண்டும்.

நமக்கு மூத்த நண்பர் ஒருவர் இருந்தார். பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப்பின் தம் வட்டாரத்து உழவர் வழக்குச் சொற்களை ஒவ்வொன்றாக ஒரு சமூகத் தளத்தில் எழுதிவந்தார். நாற்றங்கால், களத்துமேடு, கமலை இறைப்பு, மாட்டின் நிறம், மழையின் வகை என்று சுமார் முந்நூறு குறிப்புகள். அகராதிகளில் இல்லாத சொற்கள் அவற்றுள் பல. எழுதியவர் ஒருவரே என்றாலும், கீழே மறுமொழியில் வந்து "எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு" என்று எழுதியவர்கள் பலர். அந்த மறுமொழிகளையும் சேர்த்தால்தான் அக்குறிப்புகள் முழுமை பெறும். அவர் மறைந்து சில மாதங்களில் அக்கணக்கு முடக்கப்பட்டது. காரணம் எவருக்கும் தெரியவில்லை. அவருடைய மகள் பலமுறை எழுதினார். ஒவ்வொரு முறையும் இயந்திரம் எழுதியது போன்ற ஒரே பதில் வந்தது. பேசுவதற்கு அங்கே ஒரு மனிதர் அகப்படவில்லை. முந்நூறு குறிப்புகளில் நண்பர்கள் ஆங்காங்கே படியெடுத்து வைத்திருந்த நாற்பதைத் திரட்ட முடிந்தது. மற்றவை எங்கோ ஒரு வன்தட்டில் இன்னும் இருக்கக்கூடும். நமக்கு அவை இல்லை.

சுவடிகள் நம் கைக்கு வந்த கதையை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, அதன் படிகள் பல வீடுகளிலும் மடங்களிலும் தனித்தனியே இருந்ததனால். ஒரு வீட்டில் செல்லரித்தது இன்னொரு வீட்டில் பிழைத்திருந்தது. எல்லாச் சுவடிகளும் ஒரே பெருங்கட்டடத்தில், ஒரே பூட்டின்கீழ் இருந்திருப்பின் நிலைமை வேறாக இருந்திருக்கும். ஆகவே பல வழங்கிகள் கொண்ட ஒரு வலை என்று கேள்விப்பட்டபோது, அது அந்தப் பழைய ஏற்பாட்டின் புதிய வடிவமாக இருக்குமோ என்று பார்க்கத் தோன்றியது.

பார்த்தவரை, விடை பாதிதான் ஆம். முதலில் ஆம் என்னும் பாதி. 2022 அக்டோபரில் ட்விட்டர் 4,400 கோடி டாலருக்குக் கைமாறியது. அடுத்த சனவரியில் ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் முதலான வெளிச்செயலிகளை அத்தளம் துண்டித்தது. அவற்றுள் ட்விட்டரிஃபிக் 2007இல் வந்தது, ஏறத்தாழ அத்தளத்தின் வயதையே உடையது. பதினாறு ஆண்டு உழைப்பு ஒரு முடிவால் பயனற்றுப்போனது. டியூபாவுக்கு அவ்வாறு நேர்வது கடினம். நெறிமுறையும் நிரலும் பொதுவில் இருக்கின்றன. ஒரு வழங்கி கதவை மூடினாலும் மற்றவை திறந்திருக்கும். மேலும், நாம் ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரலாம். நம்மைப் பின்தொடர்வோர் தாமாகவே புதிய முகவரிக்கு மாற்றப்படுவர். வணிகத் தளங்களில் இதற்கு ஈடான ஏற்பாடு கிடையாது.

இல்லை என்னும் பாதி இது. குடிபெயரும்போது பின்தொடர்வோர் வருவர், பதிவுகள் வாரா. அவை பழைய வழங்கியிலேயே நின்றுவிடும். அவ்வழங்கி மூடப்பட்டால் அவையும் போகும். வழங்கிகள் மூடப்படாமல் இல்லை. மாஸ்டடான்.லால் என்னும் வழங்கி 2023இல் மூடப்பட்டது. தானியங்கிக் கணக்குகளுக்கென்று பல ஆண்டு நடந்த பாட்சின்.ஸ்பேஸ் 2024 டிசம்பரில் நின்றது. அதே மாதம் மொசில்லா நிறுவனம் தன் வழங்கியை மூடியது. பெருநிறுவனத்தின் கட்டடம் விலைபோகலாம் என்றால், தனியொருவர் சொந்தக் காசில் நடத்தும் திண்ணை அவர் களைத்துப்போகும் நாளில் காலியாகலாம். மற்ற வழங்கிகளில் நம் பதிவுகளின் படிகள் சிதறிக் கிடக்கும் என்பது உண்மை. ஆயினும் அவற்றைத் திரட்டித் தருவதற்கு அங்கே ஒரு சாமிநாதையர் இல்லை.

கைக்கொள்ளக்கூடிய வழி ஒன்று உண்டு. நம் பதிவுகள், நாம் ஏற்றிய படங்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாகத் தரவிறக்கிக்கொள்ளும் உரிமையை மாஸ்டடான் தருகிறது. ஏழு நாளுக்கு ஒருமுறை கேட்டுப் பெறலாம். கணினி வாசிக்கும் வடிவில் அது வரும். மனிதக் கண்ணுக்கு எளிதன்று, எனினும் எழுத்துகள் அனைத்தும் அதில் இருக்கும். இதை டியூபாவுக்குள்ளிருந்தே செய்ய இயலவில்லை, வழங்கியின் வலைப்பக்கத்து அமைப்புகளுக்குத்தான் போகவேண்டும் என்பது இச்செயலியில் நாம் கண்ட குறை. பிறருடைய மறுமொழிகளும் அத்தொகுப்பில் வாரா. அவை அவரவர் சொத்து என்பது நியாயமே. அந்த ஆசிரியரின் குறிப்புகளுக்குக் கீழே ஊர் ஊராக வந்து விழுந்த சொற்களை நினைக்கும்போது மட்டும் அந்த நியாயம் மனத்துக்குப் போதவில்லை.

இரண்டு எச்சரிக்கைகளும் சொல்லவேண்டும். இங்குள்ள தனிமடல் உண்மையில் தனிமடல் அன்று. அது முழுமையாக மறைகுறியாக்கப்படுவதில்லை; வழங்கியை நடத்துவோர் விரும்பினால் படிக்க இயலும். அஞ்சலட்டை என்று எண்ணிக்கொண்டு எழுதுவது நல்லது. அடுத்து, ஒரு பதிவை அழித்தால், அதை அழிக்குமாறு மற்ற வழங்கிகளுக்கு வேண்டுகோள் போகிறது. ஒழுங்காக நடப்பவை அழிக்கும். எல்லாமும் அழிக்குமென்பதற்கு உறுதி கிடையாது. வில்லைவிட்ட அம்பைப் பற்றி நம் பாட்டிமார் சொன்னது இங்கும் பொருந்தும்.

தமிழுக்கென்று ஒரு வழங்கியை நாமே நடத்தினால் என்ன என்று மாணவர் சிலர் கேட்கிறார்கள். கணியம் போன்ற முயற்சிகள் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிப் பரப்பி வந்திருப்பதால், நுட்ப உதவிக்கு ஆள் கிடைப்பார்கள். மாதவாடகை சில நூறு ரூபாயில் தொடங்கும். சிறு குழுவுக்கு அது சுமையன்று. கடினமான கேள்விகள் வேறு. நள்ளிரவில் ஒருவர் சாதிப்பெயர் சொல்லி இன்னொருவரை வைதால் எழுந்து நீக்குவது யார்? நீக்கியவர்மேல் பாயும் வசையை யார் தாங்குவது? பேராசிரியர் ஒருவரின் பதிவை மாணவர் மட்டுறுத்த நேர்ந்தால் அவருக்குத் துணிவு வருமா? வணிகத் தளங்களில் மட்டுறுத்தல் சரியில்லையென்று குறைசொல்வது எளிது. அவ்வேலை நம் திண்ணைக்கு வரும்போதுதான் அதன் பளு தெரியும். இவற்றுக்கு எழுத்தில் விடை எழுதிய பின்னரே வாடகை பற்றிப் பேசுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

அதுவரை நமக்கென்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். எதையும் முதலில் நம் கணினியில் ஒரு கோப்பில் எழுதுவது, பிறகே டியூபாவில் இடுவது. எவரேனும் மறுமொழியில் புதிய சொல்லொன்று தந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் பெயரோடும் ஊரோடும் அதே கோப்பில் சேர்ப்பது. திங்கள்தோறும் தொகுப்பைத் தரவிறக்கி இன்னும் இருவரிடம் ஒரு படி கொடுத்து வைப்பது.

அந்த ஆசிரியரின் நாற்பது குறிப்புகளை, அவர் மகளின் இசைவோடு, நாளுக்கு ஒன்றாக இடத் தொடங்கியிருக்கிறோம். பதினொன்று முடிந்திருக்கிறது. பின்தொடர்வோர் முப்பதைத் தாண்டவில்லை. நேற்றைய குறிப்பு, பொழுது சாயும் நேரத்தில் விட்டுவிட்டுப் பெய்யும் தூறலுக்கு அவர் ஊரில் வழங்கும் சொல்லைப் பற்றியது. முன்பின் அறியாத ஒருவர், வேறொரு வழங்கியிலிருந்து, தம் ஊரில் அதற்கு வழங்கும் பெயரை எழுதியிருக்கிறார். கேட்டுக்கொண்டு கோப்பில் சேர்த்திருக்கிறோம்.